ஒன்பதாம் வகுப்புப் படிவத்தில் யார் கையெழுத்து?



நம் வீடுகளில் பிள்ளைக்குக் காது குத்தினால் ஊரைக் கூட்டுகிறோம். பெண் பெரியவளானால் கடன் வாங்கியாவது பந்தல் போடுகிறோம். பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் பக்கத்து வீட்டு வங்காளிக்கும் எதிர்வீட்டுத் தெலுங்கருக்கும் இனிப்புக் கொடுக்கிறோம். ஆனால் எட்டு முடித்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "ஒரு கிளாஸ் ஏறிட்டான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்கு ரயில் பாஷையில் சொன்னால்தான் திருப்தி. வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பது ஸ்டேஷனில் இறங்கும்போதுதான் பிரயாணிக்குத் தெரியும். ஆனால் அது தீர்மானமாவது வெகு தூரத்துக்கு முன்னால், தண்டவாளம் பிரியும் இடத்தில், ஒருவர் பாயிண்ட்டை மாற்றும்போது. பள்ளிக்கூடத்தில் அந்த இடம் ஒன்பதாம் வகுப்பு. அங்கே லீவரைப் பிடித்திருப்பது யார் என்பதுதான் நமது கேள்வி. அப்பாவா, அம்மாவா, பிள்ளையா? பெரும்பாலும் இவர்களில் யாருமில்லை.

முதலில் நம் கணக்கைப் பார்ப்போம். 2011 ஜனக்கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்த ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம். அதில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம். ஏழு பேரில் ஒருவர் தமிழர்! ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டுக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள், அவர்களுடைய மக்கள், பேரப்பிள்ளைகள். ரோடு போட்டதில், ஜெட்டி கட்டியதில், மூட்டை இறக்கியதில், கடை வைத்ததில் நம்மவர் கை இல்லாத இடம் இங்கே குறைவு. பாம்பூஃப்ளாட்டிலிருந்து எதிர்க்கரை சாத்தாமுக்குப் படகேறிப் போய் வேலை பார்த்து, இருட்டிய பிறகு திரும்பி வரும் மஸ்தூரின் மகனும் மகளும்தான் நாம் பேசும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள்.

இந்தத் தீவுகளின் சர்க்கார் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. என்ற மத்திய வாரியத்தின் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. ஒன்பதாம் வகுப்பில் ஐந்து பாடங்கள் கட்டாயம். மொழி இரண்டு, பிறகு கணக்கு, விஞ்ஞானம், சமூக அறிவியல். இரண்டு மொழிகளில் ஒன்று இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருக்க வேண்டும். மற்றது வாரியத்தின் பட்டியலில் உள்ள எந்த மொழியாகவும் இருக்கலாம். அந்தப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. இவை தவிர ஆறாவதாகத் தொழிற்பாடமோ இன்னொரு மொழியோ விருப்பமாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. ஒவ்வொரு பாடத்திலும் 80 மார்க் எழுத்துத் தேர்வு, 20 மார்க் பள்ளிக்கூடத்தார் போடுவது, தேற வேண்டியது 33 சதவீதம். இவ்வளவும் பலருக்குத் தெரிந்த சங்கதி.

தெரியாத சங்கதி ஒன்று உண்டு. வாரியத்தின் ரிஜிஸ்டரில் பிள்ளையின் பெயர் ஏறுவது பத்தில் அல்ல, ஒன்பதில். ஒன்பதில் பதிவானவர்தான் பத்தில் பரீட்சைக்கு உட்காரலாம். ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே இரண்டு வருஷப் படிப்பு என்பது விதி. ஒன்பதில் எடுத்த பாடத்தைத்தான் பத்தில் எழுத முடியும். நடுவில் மாற்ற வேண்டுமானால் காரணம் காட்டி, பள்ளி மூலம் மனு போட்டு, வாரியத்தின் தயவுக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 2026 முதல் பத்தாம் வகுப்புப் பரீட்சையை வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தத் தீர்மானித்திருக்கிறார்கள். மார்க் குறைந்தால் மூன்று பாடம் வரை திரும்ப எழுதி உயர்த்திக்கொள்ளலாமாம். நல்லதுதான். ஆனால் ஒன்பதில் எடுக்காத பாடத்தை எத்தனை பரீட்சை வைத்தாலும் எழுத முடியாதே!

அப்படிப்பட்ட படிவம் நம் வீட்டுக்கு எப்படி வருகிறது? பிள்ளை சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டு வருகிறது. இங்கிலீஷிலும் இந்தியிலும் அச்சடித்த தாள். "நாளைக்கே குடுக்கணும்ப்பா, இங்கே ஒரு கையெழுத்துப் போடு" என்கிறது. அப்பா அப்போதுதான் படகை விட்டு இறங்கி வந்திருக்கிறார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருக்கிறார். கையெழுத்தோ கைநாட்டோ விழுந்துவிடுகிறது. பல சமயம் பாடக் கட்டங்கள் காலியாகவே இருக்கும். மறுநாள் பள்ளியில் யாரோ நிரப்புவார்கள். நிரப்புகிறவர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் தம்மிடம் இருக்கிற ஆசிரியர்களைப் பார்த்து நிரப்புகிறார். தமிழ் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் வகுப்பு முழுவதையும் இந்தியில் போட்டுவிடுவது சுலபம். பிள்ளைக்கு எது வேண்டும் என்பதல்ல, பள்ளியில் எது இருக்கிறது என்பதே பாடமாகிவிடுகிறது. சாப்பாட்டுக் கடையில்கூட "இட்லி இல்லை, பூரி இருக்கிறது, சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலை போடுவார்கள். இங்கே அந்தக் கேள்விகூட இல்லை.

மொழிக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நம்மவரிலேயே பாதிப் பேர் சொல்வது இது: "தீவிலே இந்திதான் செல்லும். தமிழ் படித்து என்ன ஆகப் போகிறது? தமிழ் வீட்டில் பேசுகிறதுதானே!" இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கேட்கிறோம். இந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்தி எங்கிருந்து வருகிறது? ஜெட்டியிலிருந்து வருகிறது, பஸ்ஸிலிருந்து, கிரிக்கெட் மைதானத்திலிருந்து, ராஞ்சித் தோழரின் பிள்ளையோடு விளையாடும்போது வருகிறது. பேச்சு இந்தியை இங்கே யாரும் காசு கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. மூன்று வயதுக் குழந்தை பேசுகிறது. ஆனால் தமிழை எழுதப் படிக்க எந்த ஜெட்டி கற்றுக் கொடுக்கும்? வீட்டில் பேசுகிற தமிழ், "சோறு போடு, தண்ணி எடு" என்ற அளவில் நின்றுபோகிறது. ஊரிலிருந்து வரும் பத்திரத்தைப் படிக்க முடியாது. தாத்தா எழுதி வைத்த கணக்கு நோட்டு புரியாது. இந்தப் பத்திரிகையே நம் வீட்டுக்கு வந்தால் அப்பா வாசிக்கிறார், மகன் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். ஒரு தலைமுறையில் இது நடந்துவிடும். நடந்தும் கொண்டிருக்கிறது.

நாம் இந்தியை எதிர்த்துப் பேசுவதாக யாரும் திரிக்க வேண்டாம். இந்தத் தீவில் பல மொழிக்காரர்கள் ஒரே தெருவில் அடித்துக்கொள்ளாமல் வாழ அந்தப் பாமர இந்திதான் பாலமாக இருக்கிறது, அதை மதிக்கிறோம். ஆங்கிலத்தோடு தமிழை இரண்டாம் மொழியாக எடுத்து, வேண்டுமானால் இந்தியை ஆறாவதாக வைத்துக்கொள் என்கிறோம். இல்லை, பிள்ளைக்கு எழுத்து இந்தி நன்றாக வருகிறது, அதை விட மனமில்லை என்றால் தமிழை ஆறாவதாக வை. இதில் ஒரு லாபமும் இருக்கிறது. வாரியத்தின் விதிப்படி, இரண்டு மொழிகளில் ஒன்றில் பிள்ளை தவறிவிட்டால், ஆறாவதாக எடுத்த மொழியில் தேறியிருக்கும் பட்சத்தில் அது தவறிய மொழியின் இடத்தில் வந்து உட்காரும்; மாற்றிய பிறகும் இந்தி அல்லது ஆங்கிலம் ஒன்று நிற்க வேண்டும், அவ்வளவே. ஆகவே தமிழ் பாரமல்ல, விழுகிற பிள்ளைக்குப் பிடிகயிறு.

"உத்தியோகத்துக்குத் தமிழ் உதவுமா?" என்று கேட்பவர்களுக்கு நம் இலாகா சமாசாரத்தையே சொல்கிறோம். ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் பரீட்சைகளைத் தமிழிலேயே எழுதலாம். ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தன் மல்டி டாஸ்கிங் ஊழியர் தேர்வை 2023 முதல் தமிழ் உள்ளிட்ட 13 பிராந்திய மொழிகளிலும் வைக்கிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலும் தமிழ்க் கேள்வித்தாள் உண்டு. (அந்தத் தேர்வே இருக்க வேண்டுமா என்பது வேறு வழக்கு.) கதவில் தமிழ் என்று எழுதியிருக்கும்போது, அதைப் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளையை வளர்த்து அனுப்பலாமா?

இன்னொரு ரகம் உண்டு. தமிழ் வழியிலேயே எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பதில் ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகள். இவர்கள் பாடு பெரும்பாடு. நேற்று வரை "பின்னம்" என்று படித்ததை இன்று வேறு பெயரில் கேட்க வேண்டும். கணக்கு தெரிந்த பிள்ளை கணக்குத் தெரியாததுபோல நிற்கும். வாரியத்தின் கேள்வித்தாள் வழக்கமாக இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. 2023 ஜூலையில் அதே வாரியம், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள இந்திய மொழிகளைப் பயிற்று மொழியாக வைத்துக்கொள்ளப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்துச் சுற்றறிக்கை விட்டது. அனுமதி வந்துவிட்டது, புத்தகமும் ஆசிரியரும் கேள்வித்தாளும் யார் தருவார்கள்? 2023 தேசியப் பாடத்திட்டச் சட்டகம் ஒன்பது, பத்து வகுப்புகளில் மூன்று மொழி, அதில் இரண்டாவது இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டுக்கு அது வேண்டாம். 1968-லேயே சட்டசபையில் இரு மொழி போதும் என்று தீர்மானம் போட்ட நாடு அது. நமக்கு இங்கே நிலைமை வேறு. மூன்று மொழி என்று வந்தால் இங்கே ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று நம் பிள்ளைக்கு மூன்றுமே கிடைக்க வழி உண்டு. ஆனால் தாளில் மூன்று என்று எழுதினால் போதாது. மூன்றாவது நாற்காலியில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தமிழன் போன இடமெல்லாம் இந்தச் சண்டை உண்டு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி என்பது ஆரம்பப் பள்ளியோடு சரி. இடைநிலைக்குப் போனதும் தமிழ் ஒரு தனிப் பாடமாகச் சுருங்கிவிடும். அங்கே எஸ்.பி.எம். பரீட்சையில் மாணவர் எடுக்கும் பாடங்களைப் பத்தோடு நிறுத்தப் போவதாக 2009-ல் அரசு அறிவித்தது. பத்து என்றால் முதலில் வெளியேறுவது தமிழும் தமிழ் இலக்கியமும்தான் என்று தோட்டத் தொழிலாளி குடும்பங்கள் முதல் ஆசிரியர்கள் வரை உடனே புரிந்துகொண்டார்கள். கூட்டம் போட்டார்கள், மனு கொடுத்தார்கள். பத்தோடு இரண்டு சேர்த்துப் பன்னிரண்டு வரை எழுதலாம் என்று அரசு இறங்கி வந்தது. பாடக் கட்டம் ஒன்று காலியாவது என்ன அர்த்தம் என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. டெல்லியில் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவையும் இதே சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்தான். தலைநகரத்தில் முடிகிறது. தமிழர் ஏழில் ஒரு பங்காக இருக்கும் இந்தத் தீவில் முடியாதா?

ஊருக்குத் திரும்பிப் போகும் குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரயில் ஓடாத இந்தத் தீவிலும் ரயில் டிக்கெட் முன்பதிவு உண்டு, கப்பலில் போய்ச் சென்னையில் இறங்கி மேலே போகிறவர்களுக்காக. மார்ச், ஏப்ரலில் "பையனை ஊரிலே சேர்க்கப் போறோம்" என்று டிக்கெட் கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் 2006-ஆம் வருஷத் தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கிவிட்டது. தமிழ் எழுத்துத் தெரியாத தமிழ்ப் பையன் அங்கே ஒன்பதாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் என்ன ஆவான் என்று யோசியுங்கள். இங்கே இந்தி வராதவன், அங்கே தமிழ் வராதவன்.

அடுத்து கணக்கு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை 2020 முதல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: ஸ்டாண்டர்டு, பேசிக். ஒன்பதில் எல்லாருக்கும் ஒரே பாடம். பத்திலும் பாடம் ஒன்றுதான், கேள்வித்தாள் மட்டும் இரண்டு. பேசிக் தாள் சுலபம். பதினொன்றில் கணக்கு எடுக்காதவர்களுக்காக அதை வைத்தார்கள். பேசிக் எழுதினால் மேலே பிரதானக் கணிதப் பாடம் எடுக்க முடியாது என்பது அசல் விதி. சில வருஷங்களில் தளர்த்தியும் இருக்கிறார்கள். தளர்வை நம்பி வீடு கட்ட முடியாது. இதில் நமக்கு என்ன கவலை என்றால், ஒன்பதாம் வகுப்பின் முதல் மாதத் தேர்வில் ஒரு பிள்ளை 12 மார்க் வாங்கியவுடனேயே "இவனுக்கு பேசிக் போதும்" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை. யார் பிள்ளைகள் மேல் இந்த முத்திரை அதிகம் விழுகிறது? டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மேல்தான். ஆபீசர் வீட்டுப் பிள்ளை 12 மார்க் வாங்கினால் டியூஷன் வைக்கிறார்கள். மஸ்தூர் வீட்டுப் பிள்ளை 12 மார்க் வாங்கினால் பேசிக் கொடுக்கிறார்கள். ஒரே 12 மார்க்தான் தோழர்களே!

தொழிற்பாடத்துக்கும் இதே கதை. சில்லறை வணிகம், டூரிசம், தகவல் தொழில்நுட்பம், விவசாயம், செக்யூரிட்டி என்று பட்டியல் நீளம். கை வேலையை நாம் தாழ்வாக நினைப்பவர்கள் அல்ல. கையால் உழைத்துத்தான் இங்கே நின்றோம். ஆறாவது பாடமாகக் கம்ப்யூட்டரோ டூரிசமோ படித்தால் சந்தோஷமே. கணக்கு, விஞ்ஞானம், சமூக அறிவியல் மூன்றில் ஒன்றில் தவறினால், தேறிய தொழிற்பாடத்தை அதன் இடத்தில் வைத்து "பாஸ்" போடும் விதியும் இருக்கிறது. கேட்க இனிப்பான விதி. பள்ளியின் தேர்ச்சி சதவீதத்துக்கும் அது இனிப்பு. ஆனால் அந்த "பாஸ்" எங்கே செல்லும் என்று பார்க்க வேண்டாமா?

பாம்பூஃப்ளாட் பையன்களில் பலருக்குக் கப்பல் வேலை ஆசை. கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், ஆசைப்படுவது நியாயம். வணிகக் கப்பலில் சாதாரண மாலுமியாகச் சேர ஜி.பி. ரேட்டிங் என்ற பயிற்சி வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பில் விஞ்ஞானம், கணக்கு, ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். மொத்தத்தில் 40 சதவீதம், ஆங்கிலத்தில் தனியாக 40 சதவீதம். விஞ்ஞானத்தில் தவறி, அதற்குப் பதிலாகத் தொழிற்பாடத்தால் "பாஸ்" ஆனவன் அந்த வாசலில் நின்று திரும்ப வேண்டியதுதான். ரயில்வேயில் கீழ்மட்டமான லெவல் 1 வேலைக்கு நடக்கும் கம்ப்யூட்டர் தேர்வில் 100 கேள்வி. அதில் 25 கணக்கு, 25 விஞ்ஞானம். இரண்டும் பத்தாம் வகுப்புத் தரம். தண்டவாளம் பார்க்கும் வேலைக்கே பாதித் தேர்வு இந்த இரண்டு பாடம்! பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் முதல் மாதமே கணக்கு வந்து எதிரே நிற்கும். நாம் படித்தது மெட்ரிக் வரைதான். அந்த மெட்ரிக் கணக்குத்தான் இன்று வரை சோறு போடுகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

சமூக அறிவியலைப் பற்றி நம்மவர் பேசுவதே இல்லை. "கதைப் பாடம்" என்று ஒதுக்குகிறார்கள். பல வருஷமாக ஒன்பதாம் வகுப்பில் இருந்து வந்த சரித்திரப் புத்தகத்தில் பிரெஞ்சுப் புரட்சி இருந்தது, ருஷ்யப் புரட்சி இருந்தது, காட்டை வெள்ளைக்காரன் எப்படிக் கைப்பற்றினான் என்ற பாடமும் இருந்தது. ஒரு மைல் தண்டவாளம் போட 1,760 முதல் 2,000 மரக்கட்டை வேண்டியிருந்தது என்று அதில் கணக்குக் கொடுத்திருந்தார்கள். 1883-லிருந்து சாத்தாமில் நிற்கும் மர மில்லைத் தினமும் படகிலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு சுலபம்! 1872-ல் வைஸ்ராய் மேயோவை ஷேர் அலி குத்திக் கொன்ற ஹோப் டவுன் நம் பாம்பூஃப்ளாட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, வாத்தியார் ஒரு நாள் நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாமே. குறைந்தபட்சம் கூலி, அரசியல் சட்டம், ஓட்டுரிமை இவையெல்லாம் எந்தப் பாடத்தில் வருகின்றன? தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட வேண்டிய பாடம் உண்டா?

இனி, பாடம் அல்லாத ஒரு சங்கதி; ஆனால் அதே படிவத்தில் இருப்பது. பெயரும் பிறந்த தேதியும். ஒன்பதில் வாரியத்துக்குப் போகும் பெயர்தான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும். அந்தச் சான்றிதழ்தான் பிறகு பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் வயது அத்தாட்சியாகக் காட்டப்படும். தமிழர் பெயரில் இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தால் ஒருவர் அப்பா பெயரைப் போடுகிறார், ஒருவர் ஊர்ப் பெயரைப் போடுகிறார், ஒருவர் இனிஷியலை விரித்து எழுதுகிறார். அண்ணனுக்கு ஒரு மாதிரி, தங்கைக்கு ஒரு மாதிரி. டிக்கெட் எடுக்க வருகிறவரிடம் "பிள்ளைக்கு வயசு என்ன?" என்று கேட்டால் "பன்னெண்டு... பள்ளிக்கூடத்துல பதினாலு" என்கிறார்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. பத்து வருஷம் கழித்து வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, பிறப்புச் சான்றில் ஒரு தேதி, பள்ளிச் சான்றில் ஒரு தேதி என்று அலையும்போது சிரிப்பு வராது. 2021-ல் உச்ச நீதிமன்றம், பெயர் திருத்த மனுக்களை வாரியம் கண்ணை மூடிக்கொண்டு தள்ளக்கூடாது என்ற வகையில் தீர்ப்புச் சொன்ன பிறகு வழி கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. ஆனாலும் கெசட், அஃபிடவிட், வக்கீல் என்று போகிற செலவை யார் தருவது? ஒன்பதாம் வகுப்பில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பிறப்புச் சான்றைப் பார்த்து எழுதினால் தீர்ந்தது.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரைதான் காப்பாற்றுகிறது. ஒன்பதிலிருந்து சட்டத்தின் குடை மடங்கிவிடுகிறது. அப்போதுதான் வீட்டிலும் "படகேறிப் போய்ப் படிக்க வேண்டுமா?" என்ற பேச்சு எழும்புகிறது. ஒன்பதில் ஒரு தடவை தவறினால் போதும், பெண்ணை நிறுத்திவிடுகிறோம். பையன் தவறினால் திரும்பச் சேர்க்கிறோம். சில பள்ளிகளிலும், பத்தாம் வகுப்பில் தங்கள் சதவீதம் குறையக்கூடாது என்பதற்காகச் சுமாரான பிள்ளைகளை ஒன்பதிலேயே தேக்கி, "டி.சி. வாங்கிக்கொண்டு திறந்தநிலைப் பள்ளியில் எழுதட்டும்" என்று நயமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். திறந்தநிலைப் பள்ளி வேலைக்குப் போகும் பிள்ளைக்கு நல்ல ஏற்பாடு. 14 வயதுப் பிள்ளையை வகுப்பிலிருந்து கழிப்பதற்கான குப்பைத் தொட்டி அல்ல. அப்படி யாராவது சொன்னால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுத்தில் கொடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? இது சட்டசபை இல்லாத யூனியன் பிரதேசம். கல்வி மந்திரி என்று ஒருவர் இங்கே இல்லை, வாசலில் போய் நிற்பதற்கு. பார்லிமெண்டுக்கு ஒரே ஒரு மெம்பர். மற்றபடி எல்லாம் ஆபீஸ், ஃபைல், டெல்லி. ஆகவே மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் மனுவும் உட்கார்ந்துவிடும். நாம் கேட்பது அதிகமில்லை. ஒன்பதாம் வகுப்பில் தமிழ் கேட்கும் பிள்ளைகள் எத்தனை என்று ஒவ்வொரு பள்ளியும் ஏப்ரலில் எழுதிப் பலகையில் ஒட்டட்டும். அத்தனை பேருக்கும் ஆசிரியர் இல்லையென்றால் அதையும் ஒட்டட்டும். படிவத்தைத் தமிழிலும் வங்காளியிலும் தெலுங்கிலும் அச்சடித்து, பெற்றோருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுக்கட்டும். வழி மாறிவரும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் தனியாக ஆங்கில வகுப்பு வைக்கட்டும். இது நமக்கு மட்டுமான கோரிக்கையல்ல. தெலுங்கர் பிள்ளைக்கும் இதே கட்டம்தான் காலியாகக் கிடக்கிறது. ராஞ்சித் தோழரின் பிள்ளைக்கோ, வீட்டில் பேசும் பாஷை பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். எல்லோரும் சேர்ந்து போனால்தான் ஆபீசில் நாற்காலி இழுத்துப் போடுவார்கள்.

பெற்றோர்களாகிய நம் பக்கத்து வேலையும் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளி நிர்வாகக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களாக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் தெருவிலிருந்து அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எத்தனை கூட்டத்துக்குப் போனார்கள்? கூட்டம் வேலை நாளில் வைக்கிறார்கள், கூலி போகும் என்பது உண்மை. ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று கேட்டிருக்கிறோமா? எட்டாம் வகுப்பில் தலையாட்டிவிட்டு ஒன்பதாம் வகுப்பில் போய் நியாயம் கேட்டால் யார் மதிப்பார்?

நமது சங்கத்தின் சார்பில் பாம்பூஃப்ளாட் தோழர்கள், புது வகுப்புத் தொடங்கும் ஏப்ரல் மாதத்தில் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஜெட்டி அருகே மேஜை போட்டு உட்காருவார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் இருவர், இந்தி எழுதத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார்கள். காசு கிடையாது. ஷோர் பாயிண்ட், விம்பர்லிகஞ்ச் பக்கத்துத் தோழர்களும் வரலாம். தமிழர் அல்லாதவரும் வரலாம். வரும்போது பிள்ளையைக் கூட்டி வாருங்கள். பாடம் படிக்கப் போவது அதுதான், அதையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பிறப்புச் சான்று, எட்டாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், அண்ணன் அக்காள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல், பள்ளியில் கொடுத்த படிவம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். படிவத்தில் கையெழுத்து மட்டும் போடாமல் கொண்டு வாருங்கள்.